கடை அங்கே, குடி இங்கே: தீவக வாழ்வு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) பொறிப்பித்தது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் ஆணை பிறப்பித்திருக்கிறான் என்பதற்காகவே இக்கல் அடிக்கடி பேசப்படுகிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனைப் படித்து 1963 இல் வெளியிட்டார். கல் சொல்லும் செய்தி எளிமையானது. ஊராத்துறைக்குப் பரதேசிகள் வரவேண்டும், அங்கு தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிகுதி மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. ஆங்கிலத்தில் 'கயிட்ஸ்' என்று எழுதுகிறார்களே, அது போர்த்துக்கேயர் துறைமேடையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது.

அந்தப் பரதேசிகள் எந்த மதத்தவர் என்று கல் சொல்லவில்லை. குதிரை வணிகம் அக்காலத்தில் பெரும்பாலும் அரபுக் கடலோடிகளின் கையில் இருந்தது என்பதை வைத்து நம்மவர்கள் சிலர் இதை முஸ்லிம் வரலாற்றின் ஆவணமாகவே எடுத்துக்கொள்வதுண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். என் கண்ணை நிறுத்துவது வேறொன்று. உடைந்த கலத்தின் சரக்கு யாருக்கு எத்தனை பங்கு என்று இவ்வளவு துல்லியமாகக் கணக்கிடும் கல்லில், அந்தக் கலத்தில் வந்தவனின் வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அரசாணையில் அதை எதிர்பார்ப்பது முறையுமல்ல. ஆனால் கடல் கடந்து பிழைக்கப் போகிற ஒவ்வொருவனுக்கும் அந்த இன்னொரு கணக்கும் உண்டு. தொழில் ஓரிடத்தில், குடும்பம் வேறோரிடத்தில் என்றிருந்தால் இரண்டையும் எப்படி நடத்துவது? கல் வெட்டப்பட்ட அதே தீவுகளில் பிற்காலத்தில் பிறந்தவர்கள் இக்கேள்விக்குத் தமக்கென்று ஒரு விடை கண்டார்கள். அந்த விடையையும் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பற்றியதே இக்கட்டுரை.

தீவகம் வளமான மண் அல்ல. சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண்படை, ஆறு கிடையாது, மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் நெல். வேலணைப் பக்கம் புகையிலை உண்டு. எங்கும் பனை உண்டு. கிணறுகள் பல உவர். நெடுந்தீவில் கல்வேலியும் மட்டக் குதிரையும் பார்க்கப் போகிறவர்கள் திரும்பிவந்து அழகைத்தான் எழுதுகிறார்கள். அங்கேயே பிறந்து நாலு பிள்ளைகளை வளர்க்கவேண்டியவனுக்கு அந்த அழகு சோறு போடாது. ஆகவே ஆண்கள் வெளியே போனார்கள். கரையூர்களில் இருந்தவர்கள் கப்பலேறினார்கள். மற்றவர்கள் வியாபாரத்துக்குப் போனார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைகள் இந்தத் துறைகளினூடாகவே இந்தியாவுக்கு ஏற்றப்பட்டன. கோல்கொண்டாப் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து விலைபேசி வாங்கிச் சென்றார்கள். இடையில் ஒரு வேடிக்கை. ஒல்லாந்தர் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணைத்தீவு லெய்டன், காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டடாம், நெடுந்தீவு டெல்வ்ற். கடைசிப் பெயர் மாத்திரமே நின்று நிலைத்தது. உத்தியோகத்துக்காகப் பல்லாயிரம் மைல் வந்தவர்களும் வீட்டை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் போலும்.

அதே ஒல்லாந்தர்தான் 1707 இல் இப்பகுதித் தமிழரின் வழக்காறுகளை எழுத்தில் தொகுத்தார்கள். தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணிபுரிந்தவர். முதலியார்கள் பன்னிருவர் அதைப் பார்வையிட்டு ஒப்பம் வைத்தனர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்புக்கு ஆங்கிலேயர் 1806 இல் சட்ட வலு அளித்தனர். நம் விடயத்துக்கு அது மிகவும் வேண்டியது. முஸ்லிம்களை அது கட்டுப்படுத்துவதில்லை என்பதால் நம்மில் பலர் அதைப் படிப்பதில்லை, படிக்கவேண்டும்.

தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோர் வழி வருவது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்து அனுப்புவது சீதனம். மணமான பின் தேடுவது தேடியதேட்டம். யாழ்ப்பாணத்து வழக்கில் சீதனம் என்றால் நகையும் காசும் மட்டுமல்ல, வீடும் வளவும் காணியும் ஆகும். மகள் மணமாகித் தன் பெயரிலுள்ள வளவில், பெரும்பாலும் தாய்க்கு அண்மையில் குடியிருப்பாள். தேடியதேட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் உறுதி செய்தது.

தீவகத்து வணிகனை மனதில் வைத்து இதை மறுபடி படித்துப் பாருங்கள். வீடு அவளுடையது. கடை அவன் தேடியது. அதிலும் பாதி அவளுக்கு. அவன் ஆறு மாதம் வராவிட்டாலும் அவள் அந்நியர் வீட்டில் மருமகளாய் ஒடுங்கிக் கிடக்கவில்லை. தன் வளவில், தன் தாயின் வேலிக்கு அப்பால், தன் சகோதரிகளின் நடுவே இருக்கிறாள். ஆண்கள் நெடுங்காலம் வெளியே இருக்கும் ஒரு சமூகம் வீட்டைப் பெண்ணின் பெயரில் வைப்பது தற்செயலானதென்று எனக்குத் தோன்றவில்லை.

இதைச் சொல்லும்போது காயல்பட்டினமும் கீழக்கரையும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. அங்கும் ஆண்கள் 'சபர்' போனார்கள். கொழும்பில், காலியில், யாழ்ப்பாணத்தில் கடை வைத்தார்கள். ஊர் திரும்புகிறவனுக்குச் சபுராளி என்று பெயரே உண்டு. அங்கும் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். காயலில் பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குத் தெருவில் இறங்காமலே போய்வரத் தனி முடுக்குகள் உண்டு. நம் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் இதே வழக்கு இருப்பதை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார். சைவனும் கத்தோலிக்கனும் முஸ்லிமும் தத்தம் வேதத்தைத் தனித்தனியே ஓதினாலும், கடல் அவர்களுக்கு ஒரே வீட்டைத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது.

இந்த ஏற்பாடு பெருவழக்காகியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1905 இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதப் பாதை முழுமையடைந்தது. குடாநாட்டின் நடுப்பகுதியார் மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்று எழுதுவினைஞர்களாகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள். தீவார் பெரும்பாலும் கடைக்குப் போனார்கள். சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சைவக் கடை. கொழும்பு புறக்கோட்டையில் மட்டுமல்ல, தென்னிலங்கையின் சின்னஞ்சிறு பட்டணங்களிலும் சுருட்டும் வெற்றிலையும் விற்றுக்கொண்டு ஒரு புங்குடுதீவாரோ காரைநகராரோ இருப்பார். சிங்கள வாடிக்கையாளரிடம் சரளமாகச் சிங்களம் பேசுவார். ஊர்காவற்றுறைத் தொகுதியை 1947 முதல் 1956 வரை பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த ஏ. எல். தம்பிஐயா கூடக் கொழும்பில் தொழில் நடத்திய வணிகரே.

கடையின் நடைமுறை இவ்வாறிருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனை உறவுக்காரர் ஒருவர் அழைத்துப் போவார். கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை. சம்பளம் கையில் வராது. முதலாளியின் பேரேட்டில் ஏறும். சில ஆண்டுகளில் அவன் விற்பனையாளன்; இன்னும் சில ஆண்டுகளில் பங்காளி. கலியாணம் ஊரில் நடக்கும், சில கிழமை இருப்பான், பிறகு திரும்பிவிடுவான். பங்காளிகள் முறைவைத்து ஊர் போவார்கள். ஒருவர் வந்த பிறகே மற்றவர் கிளம்பலாம். கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் போக ஆசைப்பட்டால் யார் கடையைப் பார்ப்பது என்ற பிரச்சினை எழும். இன்றைய அலுவலகங்களில் 'லீவு ரோஸ்டர்' என்கிறார்களே, அதன் மூதாதை இது. கடைக்குள் மனைவியையோ பிள்ளைகளையோ கொண்டுவந்து குடியமர்த்துவது வழக்கமல்ல. வாடகை ஒரு காரணம். பெண்ணுக்கு ஊரில் வீடு இருப்பது மற்றொரு காரணம். சொந்த ஊரில் கட்டிய கல்வீடுதான் உழைப்பின் அத்தாட்சி என்ற எண்ணம் எல்லாவற்றிலும் பெரிய காரணம். யாழ்ப்பாணத்தை 'மணியோடர் பொருளாதாரம்' என்று சிலர் எள்ளலாகச் சொன்னதுண்டு. மணியோடரில் வந்த காசு பாடசாலைகளாகவும் கோயில்களாகவும் பாலங்களாகவும் மாறியதைச் சேர்த்துச் சொன்னால் எள்ளல் குறையும். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் கடற்பாலத்தை அதற்காக உழைத்தவரின் பெயரால் வாணர் பாலம் என்றே ஊரார் அழைக்கிறார்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். வரலாறு எழுதுகிறவர்கள் கடையைப் பற்றி எழுதுவார்கள், ஏனெனில் கடைக்குப் பேரேடு உண்டு. வீட்டுக்கு இல்லை. ஆனால் அவன் ஊரில் இல்லாத பதினொரு மாதத்தையும் யாரோ நடத்தியிருக்கிறார்கள். விதைப்புக்கு ஆள் பிடித்தது, பனையேறுபவரோடு கணக்குப் பார்த்தது, ஒடியலும் பனாட்டும் செய்து பஞ்சத்துக்கு எடுத்துவைத்தது, வேலி அடைத்தது, வேலித் தகராறைத் தீர்த்தது, பிள்ளையின் காய்ச்சலுக்குத் தோணி பிடித்தது, செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் முறை செய்தது எல்லாம் அவள். குடிநீருக்காக நெடுந்தூரம் நடந்ததும் அவளே.

நீர் என்றதும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே பாதை இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. புங்குடுதீவில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அள்ள முடியாதிருந்தது. எழுத்தாளர் மு. தளையசிங்கம் இதற்கெதிராக 1971 இல் போராட்டம் நடத்திப் பொலிசாரால் தாக்கப்பட்டார். 1973 இல், நாற்பது வயதை எட்டுமுன், மறைந்தார். அவரும் தீவகத்தின் ஆண்களைப் போலத் தொழிலுக்காகத் தெற்கே போனவர்தான். இரத்தினபுரியில் ஆசிரியராக இருந்தவர். ஊருக்குத் திரும்பி வந்தவன் ஊரைப் பார்க்கும் பார்வை வேறாகிவிடும் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. கடைக்காரர் கட்டிய கல்வீட்டின் முன்னால், சீதனமும் பேரேடும் இல்லாத பெண்ணொருத்தி குடத்துடன் காத்து நின்றாள் என்பதையும் இந்த வரலாற்றில் சேர்த்தே எழுதவேண்டும்.

வீடு அவளுடையது என்று சொன்னேன். அதற்கும் ஒரு வரம்பு இருந்தது. அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது என்றது. கணவன் விட்டுப் போய்விட்டாலோ அவனது இருப்பிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அச்சம்மதத்தைப் பெறலாம். கவனியுங்கள்: விதைத்தவள், அறுத்தவள், வரி கட்டியவள், எல்லை காத்தவள் அவள், விற்கவேண்டி வந்தால் கையெழுத்து நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் சுருட்டுக் கடையில் இருக்கிறது. பொறுப்பு முழுவதும் இங்கே, அதிகாரத்தின் ஒரு துண்டு அங்கே. தீவக ஏற்பாட்டின் குறை எது என்று யாரேனும் கேட்டால், பிரிவைக் காட்டிலும் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

பிரிவும் சிறியதல்ல. கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்சுற்றி வருகையில், போர்முனையிலிருந்த கணவனை நினைத்து ஒரு பெண் புலம்புவதைக் கேட்டதாகவும், தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்தனை காலம் பொறுப்பாள் என்று வினவியதாகவும் அறிவிப்புகள் உண்டு. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் இருவிதமாக வருகிறது. அதன்படி போர்வீரரை அத்தவணைக்கு மேல் வெளியே நிறுத்தக் கூடாது என்று கட்டளையிட்டார். ஓர் ஆட்சியாளர் படைநிர்வாகத்தைப் பற்றி முடிவெடுக்க வீட்டிலுள்ள பெண்ணிடம் கேட்டார் என்பதே எனக்கு வியப்பு. சபருக்கு ஆள் அனுப்பிய நம் ஊர்கள் இந்த அறிவிப்பை அறியாதவையல்ல. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தவணை நீண்டபோது அதை எடுத்துச் சொன்னவர்கள்தான் குறைவு. பிற்காலத்தில் கேரளத்து வளைகுடாக் குடும்பங்களைப் பற்றி லீலா குலாட்டி எழுதிய நூலைப் படிக்கும்போது, பணத்தை நிர்வகிக்கக் கற்றுக்கொண்ட பெண்ணின் நிமிர்வும் தனிமையில் நோய்ப்பட்ட பெண்ணின் துயரமும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. தீவகத்திலும் இரண்டும் இருந்தன.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. இரவில் மட்டுமன்றிப் பகலிலும் விரைவாக ஊர் வரலாம் என்றாயிற்று. பிரிவு கொஞ்சம் குறுகியது. ஆனால் அதே ஆண்டில்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. 1958 இலும் 1977 இலும் அடிபட்டு அகதிகளாகக் கப்பலில் வந்தவர்கள் நிலைமை தணிந்ததும் மறுபடி கடை திறக்கப் போனார்கள். வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. 1983 ஆடியில் கடைகள் எரிந்தபோது அந்த நூற்றாண்டு முயற்சியின் ஒரு பாதி போயிற்று. பேரேடுகளும் கூடவே எரிந்தன. பெற வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று சொல்ல எழுத்து இல்லை. அதன்பின் இளைஞர்கள் கொழும்புக்குப் பதிலாகப் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். தூரம் கூடிற்று, முறைவைத்து ஊர்வரும் வழக்கமும் அற்றுப்போயிற்று.

மறுபாதியும் நிலைக்கவில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் காலையில் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. குழந்தைகள் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றம் சாட்டினர். அலுவலுக்குப் போவோர், ஆஸ்பத்திரிக்குப் போவோர், உறவினரைப் பார்க்கப் போவோர் என்று ஒரு தீவின் சாதாரண நாள் முழுவதும் ஏறும் படகு அது. 1990, 1991 இல் தீவகம் இராணுவத்தின் கைக்கு வந்தபோது மக்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் ஓடினார்கள். புங்குடுதீவில் அன்று பூட்டிய கல்வீடுகள் பல இன்று கூரையில்லாமல் நிற்கின்றன. சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வளர்கின்றன. ஆயுள் முழுவதும் ஒருவன் கடையில் படுத்து உறங்கிக் கட்டிய வீடு. அவன் அதில் உறங்கிய இரவுகளை எண்ணிவிடலாம்.

நம்மவருக்குக் கடையும் வீடும் ஒரே நாளில் போயின. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தனர். வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினர். இதைப் பற்றி இப்பக்கங்களில் நிறைய எழுதப்பட்டுவிட்டது, நான் நீட்டவில்லை. நம் பொருளுக்கு வேண்டியது அதன் பிற்பகுதி. 2002 போர்நிறுத்தத்தின் பின்னும், 2009 இல் போர் முடிந்த பின்னும் யாழ்ப்பாணம் திரும்பியவர்களில் கணிசமானோர் தனி ஆண்கள். கடையைத் திறக்க முடிந்தது. வீடு இடிந்து கிடந்தது. பிள்ளைகள் புத்தளத்துப் பாடசாலைகளில் ஊன்றிவிட்டார்கள். மகளுக்குப் புத்தளத்திலேயே கலியாணம் ஆகிவிட்டது. ஆகவே கடை யாழ்ப்பாணத்தில், குடி புத்தளத்தில். சோனகத் தெருவில் கடையின் பின்னறையில் படுத்துக்கொண்டு, சில கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் வீடு போய் வருகிறவர்கள் இருந்தார்கள். தீவார் கொழும்பில் வாழ்ந்த வாழ்வு அது. திசை மட்டும் மாறியிருக்கிறது: அன்று வடக்கே வீடு, தெற்கே கடை, இவர்களுக்குத் தெற்கே வீடு, வடக்கே கடை. இன்னொரு வேறுபாடும் உண்டு. தீவார் விரும்பிப் போனார்கள், குறைந்தபட்சம் போவதா இல்லையா என்று யோசித்துப் போனார்கள். நம்மவரைப் பிரித்து வைத்தது வேறொருவரின் ஆணை. அதனால்தான், குடும்பத்தைக் கொண்டுவராதவர்கள் மீள்குடியேறியவர்களா இல்லையா என்று அதிகாரிகள் வாதாடியபோது நம்மவருக்குக் கோபம் வந்தது. பதிவேட்டுக்கு ஒருவன் ஓரிடத்தில்தான் இருக்கவேண்டும். வாழ்க்கை அவனை இரண்டாகப் பிரித்து வெகுகாலமாயிற்று.

இன்று குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் காலையில் போனால் இக்கதையின் இன்னொரு மாற்றத்தைப் பார்க்கலாம். நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்போரில் ஆசிரியைகளும் பெண் உத்தியோகத்தர்களும் நிறையப் பேர். நெடுந்தீவு கஷ்டப் பிரதேசம் என வகைப்படுத்தப்பட்டது. அங்கு சேவை செய்த பின்னரே ஊருக்கு அருகில் இடமாற்றம் கேட்கலாம் என்பது நியமனம் பெற்ற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து விடியமுன் பஸ், பிறகு ஒரு மணித்தியாலம் அளவில் கடல். காற்றுக் காலத்தில் படகு ஓடாது; ஓடினால் நனையாமல் இறங்க முடியாது. சிலர் திங்கள் போய் வெள்ளி திரும்புகிறார்கள். கைக்குழந்தை வீட்டில் அம்மம்மாவிடம். முன்பு கணவன் கடலுக்கு அப்பால், மனைவி வளவில்; இப்போது மனைவி கடலுக்கு அப்பால். வளவில் பிள்ளையைப் பார்ப்பவர் அப்போதும் இப்போதும் பெண்தான், ஒரு தலைமுறை மூத்தவர். சீதன வீட்டைத் தாய்க்கு அருகில் கொடுத்த பழைய வழக்கம் இந்த வகையில் இன்னும் உத்தியோகம் பார்க்கிறது.

நயினாதீவுக்குப் போகும் படகும் அதே துறையிலிருந்துதான் புறப்படுகிறது. கால்மணி நேரப் பயணம். அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போவோர் அதில் ஏறுவார்கள். சிறு பள்ளிவாசல் ஒன்றும் அத்தீவில் உண்டு. ஆசிரியைகள் ஏறுவது மற்றப் படகில். இடமாற்றப் பட்டியலில் தம் பெயர் எப்போது வரும் என்பதே அங்கு பேச்சு.